ஏசிக்கு ஏன் டன் கணக்கு?

ஏசி கடையில் போய் நின்றால் முதல் கேள்வியே "எத்தனை டன் சார்?" என்பதுதான். ஒரு டன், ஒன்றரை டன், ரெண்டு டன். கரும்பு, தக்காளி, மணல், எரு இதையெல்லாம் டன்னில் கேட்டே பழகிய எனக்கு, காத்தைக் குளுகுளுன்னு ஆக்குற பெட்டிக்கு என்னய்யா டன் என்று ரொம்ப நாளாக ஒரு உறுத்தல். சென்னையில் ஏசி வேலை பார்க்கும் அக்கா மகனிடம் கேட்டேன். "அது ஒரு கைக்கணக்கு மாமா. நூறு, நூத்தியிருபது சதுர அடிக்கு ஒரு டன். மொட்டை மாடிக்குக் கீழ ரூம்னா அரை டன் ஏத்திக்குவோம்" என்றான். எதோட டன் என்றால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் ரெண்டு பேருமாகத் தேடினோம். இங்கிலீஷ் அவன் படித்துச் சொல்ல, கணக்கு நான் போட்டுப் பார்க்க, ஒரு மாசம் ஓடிப்போச்சு. எங்க ஊருக்கும் இப்போ இந்தக் கணக்கு தேவைப்படுது. அதைப் பிறகு சொல்றேன்.

அது ஐஸோட டன்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஃபிரெடெரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. குளிர்காலத்தில் அங்கே குளம் குட்டையெல்லாம் உறைஞ்சு போகும். அதை வெட்டிக் கப்பலில் ஏற்றி வெயில் நாட்டில் விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பல் போனது. ஊரே சிரிச்சதாம். அவர் விடவில்லை. 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸை ஏற்றி நம்ம கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாசப் பயணம், பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி வரணும். செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் உருகாமல் இருந்தது. மரத்தூளையும் வைக்கோலையும் போட்டுப் பொதிந்ததுதான் சூட்சுமம். எங்க பக்கம் ஐஸ் பார் கொண்டு வருகிற வண்டியில் மரத்தூள் போட்டு மூடுவாங்களே, அதே வேலைதான்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் டியூடர் இல்லை. அவரிடம் வேலை பார்த்த நத்தானியேல் வைய்த். 1825-ல் அவர் ஐஸ் வெட்ட ஒரு கருவி செய்தார். குதிரை பூட்டிய ஏர்! உறைந்த குளத்தின் மேல் குதிரையை ஓட்டி நீளவாக்கில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று உழுதுகொண்டே போனால் கட்டம் கட்டமாகப் பிளவு விழும். அப்புறம் கடப்பாரை போட்டுப் பெயர்த்து எடுக்கலாம். எல்லாக் கட்டியும் ஒரே அளவு என்பதால் கப்பலில் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். இடைவெளி இல்லாட்டி உருகுறதும் குறையும். நிலத்தை உழுதவன் மூளையில்தான் இப்படி ஒரு யோசனை வந்திருக்கும்னு நான் நினைச்சேன். விசாரிச்சா, அந்த ஆள் ஓட்டல் நடத்துகிற குடும்பமாம். போகட்டும்.

மெட்ராஸுக்கும் ஐஸ் வந்தது. அப்போ அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கெல்லாம் மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். ஐஸைப் போட்டு வைக்க 1842-ல் கடற்கரையிலேயே ஒரு வட்டமான கட்டடம் கட்டினாங்க. 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினது அந்தக் கட்டடத்தில்தான். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். பேர் மாறி இவ்வளவு காலமாகியும் பஸ்ஸில் "ஐஸ் ஹவுஸ் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். அதைத் தாண்டிப் போகிற சென்னை வாசகர்கள் இனி ஒருமுறை திரும்பிப் பாருங்க. உங்க வீட்டு ஏசி மேல் எழுதியிருக்கிற டன்னுக்கு அந்தக் கட்டடம் ஒரு சொந்தக்காரன்.

எப்படி என்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீர் காய்ச்சுகிறவர்களும் கறிக்கடை கம்பெனிகளும் டன் டன்னாகக் குளத்து ஐஸ் வாங்கித்தான் சரக்கைக் கெடாமல் வைத்திருந்தார்கள். பிறகு குளிரூட்டும் மெஷின் வந்தது. விற்க வந்தவனிடம் வாங்குகிறவன் வேறென்ன கேட்பான்? "இந்த மெஷின் தினம் எத்தனை டன் ஐஸுக்குச் சமம்?" அந்தக் கேள்வியே அளவாக நின்று போனது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. அவங்க கணக்கில் மணிக்கு 12,000 பி.டி.யு. நம்ம கணக்கில் 3.5 கிலோவாட்டும் கொஞ்சமும்.

இந்த டன் நம்ம 1,000 கிலோ டன் இல்லை. அமெரிக்க டன், 2,000 பவுண்டு, கிலோவில் 907தான். எடுத்த எடுப்பிலேயே 93 கிலோ கழிவு. மண்டியில் சரக்குப் போட்டவனுக்கு இது புதுசில்லை. இன்னொரு கழிவும் இருக்கு. ஒன்றரை டன் என்றால் 5,276 வாட் குளிர்ச்சி இருக்கணும். கடையில் ஒன்றரை டன் என்று நிற்கிற மெஷின்களின் நட்சத்திர ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்க. பலதில் 5,000 வாட்டை ஒட்டி இருக்கும், சிலதில் அதுக்கும் கீழே. டன் என்பது பேச்சுக்கு, வாட்தான் சரக்கு. மலேசியாவில் இருக்கிற நம்ம ஆட்கள் டன்னே பேச மாட்டாங்க, அங்கே "ஒரு ஹெச்.பி. ஏசி" என்பாங்க. அது 9,000 பி.டி.யு., அதாவது முக்கால் டன். இங்கே ஐஸ், அங்கே குதிரை. ரெண்டுமே இப்போ இல்லாத சாமான்.

சரி, நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்ற கைக்கணக்குக்கு வருவோம். அமெரிக்க வீடுகளுக்கு அங்கே சொல்லிவந்த கணக்கு 400, 500 சதுர அடிக்கு ஒரு டன். நம்ம ஊருக்கு நாலு மடங்கு அதிகம். அவங்க கணக்கு முழு வீட்டுக்கும் சேர்த்து. சுவருக்குள் பஞ்சு வைத்து அடைத்த வீடு. நம்முடையது வெயிலில் காய்கிற ஒற்றை அறை, மேலே காங்கிரீட் தளம், மூடாத ஜன்னல் சந்து. ரெண்டு கணக்கும் அதனதன் ஊரில் சரிதான். ஊர் மாறினால் தப்பு. கைக்கணக்கு எதுவுமே அப்படித்தான், அது எந்த வீட்டைப் பார்த்துப் பிறந்ததோ அந்த வீட்டை வயிற்றுக்குள் வைத்திருக்கும். வெளியே எண் மட்டும்தான் தெரியும்.

சுட வைக்கிற வேலைக்கும் அங்கே இப்படிக் கணக்கு இருந்தது. குளிர்நாட்டுக் கட்டடங்களில் நீராவியோ வெந்நீரோ ஓடுகிற இரும்பு ரேடியேட்டர் வைப்பார்கள். எவ்வளவு பெரிசு வைக்கணும்? மில்ஸ் விதி என்று ஒன்று: 2 சதுர அடி கண்ணாடிக்கு ஒரு பங்கு, வெளிச்சுவர் என்றால் 20 சதுர அடிக்கு ஒரு பங்கு, அறையின் காத்து 200 கன அடிக்கு ஒரு பங்கு. 2, 20, 200. இவ்வளவுதான், கொத்தனார்கூட மனசில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் எவ்வளவு அறிவு ஒளிஞ்சிருக்கு பாருங்க. கண்ணாடி வழியாகப் போகிற சூடு சுவர் வழியாகப் போவதைப் போல் பத்து மடங்கு என்கிறது. அவங்களுக்குச் சூடு வெளியே போவது கவலை, நமக்கு உள்ளே வருவது. கூடவே வெயில் வேறு கண்ணாடியில் நேராக நுழையும். பழைய மகாபலிபுரம் ரோட்டில் தரையிலிருந்து உச்சி வரை கண்ணாடி போர்த்தி நிற்கிற கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 2-ம் 20-ம் தான் ஞாபகம் வருது. நம்ம பழைய மெட்ராஸ் ஒட்டுத் தளமும் மேலே தட்டோடும் சும்மா போட்டதில்லை.

அதே ரேடியேட்டரில் இன்னொரு கதை. 1918-ல் உலகம் பூரா விஷக்காய்ச்சல் வந்து கோடிக்கணக்கில் ஜனம் செத்தது. அடைச்ச அறையின் காத்துதான் எமன் என்று டாக்டர்கள் சொல்ல, அமெரிக்க நகரங்களில் உறைபனியிலும் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினார்கள். என்ஜினியர்கள் அதற்கேற்ப, ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்கும்படி பெரிய பாய்லரும் பெரிய ரேடியேட்டரும் போட்டார்கள். காய்ச்சல் போச்சு, பயம் போச்சு, ஜன்னல் மூடியாச்சு. ரேடியேட்டர் மட்டும் சுவரோடு நின்று போச்சு. நியூயார்க்கின் பழைய அடுக்கு வீடுகளில் இன்றைக்கும் நடுக்குளிர்காலத்தில் சூடு தாங்காமல் ஜன்னலைத் திறக்கிறார்கள் என்றால் அதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

ஏசியின் கதைக்கு வந்தால் வில்லிஸ் கேரியர் என்ற பேரைத் தாண்ட முடியாது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்த பையன். பின்னக் கணக்கு புரியாமல் தடுமாறினபோது அவங்கம்மா ஆப்பிள் பழத்தை அரையாக, காலாக, அரைக்காலாக நறுக்கிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாராம். 1902-ல் அவருக்கு 25 வயது, பஃபலோ நகரத்தில் ஒரு கம்பெனியில் வேலை. புரூக்ளினில் ஒரு கலர் அச்சகத்தில் பிரச்சினை: காத்தில் ஈரம் ஏறினால் காகிதம் விரிகிறது, இறங்கினால் சுருங்குகிறது, ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்கார மாட்டேங்குது. கேரியர் செய்து கொடுத்தது ஈரத்தை ஒரே அளவில் நிறுத்துகிற ஏற்பாடு. குளிர்ச்சி அதோடு சேர்ந்து வந்தது. ஆக முதல் நவீன ஏசி மனுஷனுக்காகப் பிறக்கவில்லை, காகிதத்துக்காகப் பிறந்தது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பேரை 1906-ல் வைத்ததும் நூல் மில்லுக்கு ஈரக்காத்து கொடுக்கிற வேலை பார்த்த ஸ்டூவர்ட் கிராமர் என்பவர்தான். காத்து உலர்ந்தால் நூல் அறும், அது கோயமுத்தூர் மில்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மனுஷனுக்கு என்று அது பரவலாக வந்தது 1920-களில் சினிமா தியேட்டர்களில்.

அந்த வருஷமே கேரியருக்கு ஒரு பனிமூட்டமான ரயில்வே பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் யோசனை பிறந்தது என்பார்கள். மூட்டத்தில் காத்து முழுக்க ஈரம் நிறைஞ்சிருக்கு, ஆனால் குளிர்ந்த காத்து கொஞ்ச ஈரத்தைத்தான் தாங்கும். அப்போ காத்தைத் தேவையான அளவு குளுத்தி நிறைய வைத்து, பிறகு சூடாக்கினால் எவ்வளவு ஈரம் வேணுமோ அவ்வளவு மட்டும் இருக்கும். அதைச் சாதிக்கக் குளிர்ந்த தண்ணியைக் காத்தில் தெளித்தார். தண்ணி தெளித்துக் காத்தைக் காய வைக்கிறது! மார்கழி விடியலில் சோளத்தட்டை மேல் பனித்துளி உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1911-ல் இந்தக் காத்து-ஈரக் கணக்கைச் சூத்திரமாக எழுதி என்ஜினியர்கள் சபையில் வைத்தார். அதுவரை கைக்கணக்கு, அதுக்கப்புறம் கணக்கு என்று சொல்லலாம்.

ஈரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுறேன் என்றால், "எதுக்கும் இருக்கட்டும், ரெண்டு டன்னாவே போட்டுருங்க" என்று பெரிசு வாங்குகிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. பெரிய மெஷின் சின்ன அறையைப் பத்து நிமிஷத்தில் குளுத்திவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அது தொடர்ந்து ஓடணும். ஓடலைன்னா அறை குளிரும், ஆனால் பிசுபிசுன்னு இருக்கும். கடலோர ஊரில் இது நல்லாவே தெரியும். இன்வெர்ட்டர் மெஷின் வேகத்தைக் குறைச்சு ஓடும் என்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இப்போ நகரத்து வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். வீட்டில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கிற காத்தையே திரும்பத் திரும்பச் சுத்த விடும். கதவைச் சாத்தி முப்பது பிள்ளைகளை வைத்து டியூஷன் நடத்தினால் அந்த முப்பது பேர் விட்ட மூச்சையே அந்த முப்பது பேரும் இழுக்கிறாங்க. ஒரு ஆளுக்கு எவ்வளவு புதுக்காத்து வேணும்? இந்தக் கைக்கணக்கு பட்ட பாடு பெரிய பாடு. இங்கிலாந்தில் தாமஸ் டிரெட்கோல்ட் என்பவர் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவனின் மூச்சையும் அவன் மெழுகுவத்தியையும் கணக்கில் வைத்து ஆளுக்கு நிமிஷத்துக்கு 4 கன அடி போதும் என்றார். அதே நூற்றாண்டின் கடைசியில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், அடைசலில் நோய் பரவுது, குறைஞ்சது 30 வேணும் என்றார். 1895-ல் அங்குள்ள என்ஜினியர் சங்கம் அதை ஏற்றது. 1925 வாக்கில் 22 மாநிலங்களில் அதுவே சட்டம். 1936-ல் ஹார்வர்டில் யாக்லோ என்பவர் ஆட்களை அறைக்குள் உட்கார வைத்து, வெளியேயிருந்து வருகிறவர்களை மோந்து பார்க்கச் சொல்லி, வாடை அடிக்காமல் இருக்க எவ்வளவு காத்து வேணும் என்று கண்டுபிடித்தார். மூக்குதான் மீட்டர்! பிறகு 1973-ல் எண்ணெய் விலை ஏறியது. வெளிக்காத்தைக் குளுத்தக் கரண்டு செலவாகும் அல்லவா? 1981-ல் புகை பிடிக்காத இடத்துக்கு ஆளுக்கு 5 போதும் என்று இறக்கிவிட்டார்கள். ஆபீஸ்களில் தலைவலி, கண் எரிச்சல் என்று ஜனம் புலம்ப ஆரம்பிச்சது. 1989-ல் மறுபடி 15 ஆக ஏத்தினார்கள். 4, 30, 5, 15. மனுஷனோட நுரையீரல் இந்த நூத்தம்பது வருஷத்தில் மாறவில்லை. எதுக்குப் பயந்தார்களோ அதுக்கேற்ப எண் மாறியிருக்கு: வியாதிக்குப் பயந்தபோது ஏறியது, எண்ணெய் விலைக்குப் பயந்தபோது இறங்கியது. பிள்ளைகள் படிக்கிற அறையில் ஒரு ஜன்னலை நாலு விரல் அளவாவது திறந்து வையுங்க, இல்லை ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. கரண்டு பில் கொஞ்சம் ஏறும்.

ஆள் என்றதும் இன்னொரு கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் உடம்பு நூறு வாட் பல்பைவிடக் கொஞ்சம் கூடவே சூடு விடும். முப்பது பேர் என்றால் ஒரு டன். அறுநூறு பேர் உட்காருகிற ஏசி கல்யாண மண்டபத்தில் ஜனத்துக்கு மட்டுமே 20 டன் போய்விடும். சதுர அடி பார்த்து மெஷின் போட்ட மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு ஏன் வேர்த்து ஊத்துது என்பது இதனால்தான்.

இங்கேதான் எங்க ஊர் விஷயம். எங்க பக்கம் தக்காளி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும். விலை விழுந்தால் பறிப்புக் கூலி, வண்டி வாடகைகூடத் தேறாது, ரோட்டோரம் கொட்டிவிட்டு வருவதை டிவியில் பார்த்திருப்பீங்க. நாலு நாள் தாக்குப் பிடித்தால் விலை திரும்பலாம். அதுக்காகப் பக்கத்து ஊரில் சில பேர் சேர்ந்து பத்துக்குப் பத்து அடியில் ஒரு குளிர் அறை போட்டாங்க. போட்டுக் கொடுத்தவர் நூறு சதுர அடி, ஒரு டன் என்று அதே வீட்டுக் கணக்கில் மெஷின் வைத்துவிட்டுப் போயிட்டார். முதல் வாரமே நடுப் பெட்டியெல்லாம் கொழகொழத்துப் போச்சு. கடன் வாங்கிப் போட்ட காசு. மெஷின் ரிப்பேர் என்று ரெண்டு தடவை ஆள் கூப்பிட்டுப் பார்த்தாங்க. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

கணக்கு இதுதான். மத்தியானம் பறித்த தக்காளி 34 டிகிரி சூட்டில் உள்ளே வருது. அதை 14-க்கு இறக்கணும், 20 டிகிரி. தக்காளி பெரும்பாலும் தண்ணிதான், ஒரு கிலோவை ஒரு டிகிரி இறக்க ஏறக்குறைய 4 கிலோஜூல் இழுக்கணும். ஆயிரம் கிலோவுக்கு 80,000 கிலோஜூல். ஒரு டன் மெஷின் வேறு எதையும் பார்க்காமல் இதை மட்டும் செய்தாலே ஆறே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவங்க ஒரு நாளைக்கு வைத்தது ரெண்டாயிரம் கிலோ, அப்போ பன்னிரண்டரை மணி நேரம். இதுக்கு மேல் சுவர் வழியாக வருகிற சூடு, கதவைத் திறந்து மூடுவது, உள்ளே போய் வருகிற ஆள். பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், அந்த மூச்சிலும் சூடு. அறை குளிரக் குளிர மெஷினின் பலமும் குறையும். மறுநாள் மத்தியானம் அடுத்த ரெண்டாயிரம் கிலோ வந்து நிற்கும். வீட்டுக்குள் சோபாவும் கட்டிலும் ஒரு தடவை குளிர்ந்தால் அப்படியே கிடக்கும், இங்கே தினமும் புதுச் சூடு லாரியில் வருது. சதுர அடியைப் பார்த்துப் போட்டால் எப்படித் தாங்கும்? குளிர் அறை வேலை தெரிந்தவர்கள் எடையையும் உள்ளே வரும் சூட்டையும்தான் முதலில் கேட்பார்கள். மெஷின் ஒரு நாளில் 16 முதல் 18 மணி நேரம்தான் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். மீதி நேரம் சுருளில் பிடிக்கிற பனியை உருக்க.

எங்க ஊரில் பதினோரு பேர் சேர்ந்து இப்போ அதே மாதிரி ஒன்று போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கோம். அக்கா மகனும் நானும் போட்ட கணக்கில் பெரிய செலவில்லாத ஒரு விஷயம் கிடைத்தது. மத்தியானத்துக்குப் பதில் விடியற்காலையில் பறித்து நிழலில் வைத்தால் காய் 24 டிகிரியில் உள்ளே போகும். இறக்க வேண்டியது 10 டிகிரி. காய்க்கான பாரம் சரிபாதி. அதே மெஷின், ரெண்டு மடங்கு தக்காளி. ஆனால் விடியற்காலைக்கு ஆள் வரணும், வேலைக்கு வருகிற அம்மாக்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் வர முடியும் என்கிறாங்க. அதுவும் நியாயம்தான். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதா, மெஷினைப் பெரிசாகப் போடுவதா என்று பேச்சு நிற்குது. ரொம்பவும் குளுத்திவிடக் கூடாது என்பது வேறு. பத்து டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் தக்காளியின் ருசி போய்விடும், வெளியே எடுத்ததும் தோல் புள்ளி விழுந்து அழுகும்.

வருகிற புதன்கிழமை ஒருத்தர் இடம் பார்த்து விலை சொல்ல வருகிறார். டேப் பிடிப்பதற்கு முன்னால் களத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். அன்றைக்குப் பறிக்கிற பெட்டியை எடை போட்டு, நடுக் காயில் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து, அதுக்கப்புறம் டன்னைப் பற்றிப் பேசலாம் என்று.